ஒரு சூரியன், மூணு வாட்டர்மார்க்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஆல்வின் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டித் துழாவினான். தலையணைக்குப் பக்கத்தில் கேமரா. கேமராவுக்கு அடியில் மொபைல்.

"ஆல்வின் கிளிக்ஸ்! வெட்டிங், கேண்டிட், பேபி ஷூட், காதுகுத்து... சொல்லுங்க!"

மறுமுனையில் ஒரு பெண் குரல். தேனில் தோய்த்தெடுத்த குரல்.

"உங்க பேஜ்ல ஒரு சூரிய உதய ஃபோட்டோ பார்த்தேன். பிரமாதம்! நீங்க எடுத்ததா?"

ஆல்வினின் தூக்கம் பறந்தே போனது.

"பின்ன? நம்ம கிளிக்குதான் மேடம்! பேரு போட்டுக்கீதே, பாக்கலியா?"

"பார்த்தேன், பார்த்தேன். உங்களை நேர்ல பார்க்கணுமே."

"இன்னா ஃபங்ஷன் மேடம்?"

"வந்தா தெரியும். நான் இன்ஸ்பெக்டர் ஜெகதாம்பாள். உடனே ஸ்டேஷனுக்கு வாங்க."

ஆல்வின் கட்டிலில் இருந்து குதித்தான்.

போலீஸ் ஆர்டர்! விளையாட்டு விழாவா இருக்குமோ? அணிவகுப்பா இருக்குமோ?

வேறு எதுவும் அவன் மண்டையில் உதிக்கவில்லை. கேமரா வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதோடு வந்த விளக்கப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால், 'புரொஃபஷனல் ஃபோட்டோகிராஃபர்' என்ற ஸ்டிக்கரை மட்டும் முதல் நாளே பைக்கில் ஒட்டிவிட்டான். ஆசை யாரை விட்டது!

"யம்மா! போலீசே என்ன தேடுது!" என்றான் சமையலறைப் பக்கம் பார்த்து.

அம்மா ரெபேக்காள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஐயையோ! இன்னாடா பண்ண?"

"ஃபேமஸ் ஆயிட்டேம்மா!"

பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கத்தைத் தாண்டி வடக்கே பறந்தது.

ஸ்டேஷனில் ஜெகதாம்பாள் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது.

ஆல்வினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்த ஃபோட்டோதானே?"

மேஜை மேல் பெரிய பிரிண்ட். கடலுக்கு மேல் சூரியன் தகதகவென்று எழும்புகிறது. அலையில் ஒரு புதுப் படகு, மூக்கில் மாலையோடு. ஓரத்தில் கருப்பாகப் பாறைகள். பாறை மேல் வட்டத் தொப்பி போட்ட ஒரு மனிதனின் நிழலுருவம்.

கீழே வளைந்து நெளிந்து 'ஆல்வின் கிளிக்ஸ்' என்ற வாட்டர்மார்க் எழுத்து.

"அதேதான் மேடம்!"

"எப்ப எடுத்தீங்க?"

"போன ஞாயித்துக்கிழம மேடம். கருக்கல்லயே போயி குந்திட்டேன்ல!" பதிவு போட்ட நாளையே அடித்து விட்டான்.

"எங்க நின்னு?"

"அந்தப் பாறையாண்டதான். உசுர குடுத்து எடுத்தேன் மேடம்!"

"தனியாவா?"

"நம்மகூட யாரு நிக்க முடியும்? ஒண்டியாதான்!"

ஜெகதாம்பாள் தொப்பி போட்ட உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஆள்?"

"அதான் மேடம் கம்போசிஷன்! ஃப்ரேம் காலியா இருந்துச்சு. அவர நான்தான் அங்க நிக்க வெச்சேன். 'இன்னும் ஓரமா போங்க, இன்னும் ஓரமா போங்க'ன்னு நான்தான் சொன்னேன்!"

கான்ஸ்டபிள் ஏசுபாதம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிஸ்கட் தட்டையும் எடுத்துக்கொண்டார்.

"இந்தப் படகோட பேரு சந்திரம்மா" என்றார் ஜெகதாம்பாள். தேன் வற்றிவிட்டிருந்தது. "போன ஞாயித்துக்கிழமை காலைலதான் முதல் தடவை கடல்ல இறக்கினாங்க. மாலை போட்டு, தேங்காய் உடைச்சு. படகுக்காரர்தான் உன் பேஜைப் பார்த்துட்டு எங்களுக்குக் காட்டினார். ஆக, இது அன்னைக்கு எடுத்த ஃபோட்டோ."

"ஆ... ஆமா மேடம்."

"தொப்பிக்காரர் யார்னு தெரியுமா?"

"யாரு?"

"செங்கல்பட்டு ஸ்டுடியோ ஞானதாஸ். அன்னைக்குப் படம் எடுக்கப் போனவர் வீட்டுக்குத் திரும்பலை. இன்னைக்கு விடிகாலைல பாறை இடுக்குல பிணமாக் கிடைச்சார். பின்மண்டை உடைஞ்சிருக்கு. யாரோ தள்ளி விட்டிருக்காங்க!"

ஆல்வினின் தொண்டையில் பிஸ்கட் மாட்டிக்கொண்டது.

"அவரைக் கடைசியா உயிரோட பார்த்தவன் இந்த ஃபோட்டோவை எடுத்தவன். பக்கத்துல வேற யாருமே இல்லைன்னு நீயே சொல்லிட்ட. ஓரமா போகச் சொன்னதையும் நீயே சொல்லிட்ட. ஏசுபாதம், எல்லாம் ரெக்கார்ட் ஆச்சா?"

"ஆச்சு மேடம்!"

"மேடம்!!!" ஆல்வின் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தான். "நான் எடுக்கல மேடம்!"

"இப்பதானே உசுரைக் குடுத்து எடுத்தேன்ன?"

"சுட்டுட்டேன் மேடம்!"

"யாரை?!"

"ஃபோட்டோவ மேடம்! ஃபோட்டோவ சுட்டேன்! நம்ம ஜெயக்குமாரு ஸ்டேட்டஸ்ல வெச்சினு இருந்தான். ஸ்கிரீன் ஷாட் எடுத்து, அவன் பேர வெட்டிட்டு, என் பேர போட்டேன்! ஞாயித்துக்கிழம காலீல நான் வூட்ல தூங்கினு இருந்தேன் மேடம்! அம்மாவ கேளுங்க!"

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க."

ஆல்வினின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஐயாயிரம் லைக் வாங்கித் தந்த படம் இப்போது ஆயுள் தண்டனை வாங்கித் தரப் பார்க்கிறது! அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

மதியத்துக்குள் ஜெயக்குமார் வந்து சேர்ந்தான். கருங்குழிக்காரன். ஜே.கே. வெட்டிங் ஸ்டோரீஸ். அவனும் கழுத்தில் கேமராவோடுதான் வந்தான்.

"ஸ்டேட்டஸ்ல வெச்சேன் மேடம், இல்லன்னு சொல்லல" என்றான் வியர்வையைத் துடைத்தபடி. "ஆனா நான் எடுக்கல. அருணகிரி பேஜ்லருந்து எடுத்தேன்."

"டேய் மச்சான்!" ஆல்வின் அலறினான். "வேதகிரி மலைக்குப் போயி ரெண்டு நாளு தவம் கெடந்து எடுத்தேன்னு சொன்னியேடா!"

"நீ நம்புவேன்னு நான் இன்னாத்த கண்டேன்? கடல் எங்க கீது, மலை எங்க கீது!"

அடுத்து அருணகிரி வந்தான். அருண் ட்ரீம் பிக்சர்ஸ். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். உள்ளே நுழைந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டான். எறும்பு வந்தாலும் வழிவிட்டு ஒதுங்குகிற பிள்ளை. ஆல்வினுக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என் பேஜ்ல போட்டேன் மேடம். காலீல ஞானதாஸ் அண்ணன் நியூஸ பாத்ததும் பயந்து டெலீட் பண்ணிட்டேன். ஆனா அது என் படம் இல்ல..."

"யார் படம்?"

அருணகிரி மூக்கை உறிஞ்சினான். விரலை நீட்டினான்.

"ஆல்வின் பேஜ்லருந்து எடுத்தேன் மேடம்."

"அடப்பாவி!!!"

ஜெகதாம்பாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கடா. ஆல்வின் ஜெயக்குமார்கிட்ட சுட்டான். ஜெயக்குமார் அருணகிரிகிட்ட சுட்டான். அருணகிரி ஆல்வின்கிட்ட சுட்டான். அப்ப இந்த ஃபோட்டோவை யார்டா எடுத்தது? கடலே எடுத்துச்சா?"

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இத்தனை நாளும் 'என் படம், என் படம்' என்று மார் தட்டியவர்கள். இன்று ஒருவனுக்கும் அந்தப் படம் வேண்டாம்!

"மூணு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். ஸ்டேட்டஸ் ஒரே நாள்ல தானாவே மறைஞ்சு போச்சு. இன்னொண்ணு டெலீட் ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது ஆல்வின் பேஜ் மட்டும்தான். வாக்குமூலமும் உன்னோடதுதான் கைல இருக்கு." அவர் எழுந்தார். "ஏசுபாதம், ஆல்வினை உள்ள வைங்க."

ஏசுபாதத்தின் கை தோளில் விழுந்தது.

ஆல்வினுக்குக் கண் இருட்டியது. மானம், மரியாதை, வாட்டர்மார்க் எல்லாம் காற்றில் போயின. தடாலென்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மேடம்! எனக்கு ஃபோட்டோவே எடுக்கத் தெரியாது மேடம்!"

"என்ன?"

"சத்தியமா மேடம்! வாங்குன நாள்லருந்து ஆட்டோ மோடுதான், கேமராவே எல்லாத்தயும் பாத்துக்கும்! அந்தத் திருகு அதுல இருந்து நவுந்ததே கெடயாது! மத்த பட்டன்லாம் இன்னாத்துக்குன்னுகூட தெரியாது! காதுகுத்துக்குப் போனா காது தவுர எல்லாம் வுழுது! கொழந்தைய எடுத்தா பின்னால கீற பீரோ பளிச்சுன்னு வுழுது!"

ஏசுபாதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். ஜெயக்குமார் வாயைப் பிளந்தான்.

சொல்லிவிட்டான்! மூன்று மாதமாக ஊர் முழுக்க மறைத்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். வெட்கத்தில் காது சிவந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. ஜெயிலுக்கு இது எவ்வளவோ தேவலை.

"அப்படின்னா இந்தப் படம்?" ஜெகதாம்பாள் பிரிண்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒரு படமா மேடம்?" ஆல்வின் மூச்சு வாங்கினான். இந்தப் படத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எப்படியாவது காட்ட வேண்டும். "மட்டமான படம்! எவனோ என்ன மாரி ஒரு தத்தி, ஆட்டோ மோடுல வெச்சு குருட்டாம்போக்குல அமுக்கிக்கீறான்! அவன் நேரம், நல்லா வுழுந்துகீது! இதுகூட ஆட்டோதான் மேடம்! பக்கா ஆட்டோ!"

"டேய்ய்ய்!!!"

ஸ்டேஷனே அதிர்ந்தது.

கத்தியது... அருணகிரி!

அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வாய மூட்றா! யார்ரா ஆட்டோ? மேனுவல் மோடு! மேனுவல்டா! ஐ.எஸ்.ஓ., அப்பர்ச்சர், எல்லாத்தயும் என் கையால வெச்சு எடுத்தேன்டா! சூரியனும் வெளுத்துப் போவாம, படகும் இருட்டு கட்டாம... உனுக்கு இன்னாடா தெரியும்? ஒரிஜினலு என் கேமரா கார்டுல கீது, வந்து பார்ரா!"

கத்தி முடித்தான்.

கத்தி முடித்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

ஜெகதாம்பாள் மெதுவாக நடந்து அவன் எதிரில் போய் நின்றார்.

"நல்ல படம், அருணகிரி" என்றார். குரலில் மறுபடியும் தேன். "நிஜமாவே நல்ல படம். ஞானதாஸ் என்ன சொன்னார்?"

அருணகிரி முகத்தைப் பொத்திக்கொண்டான். இந்த முறை வந்தது நிஜமான அழுகை.

"அவருதான் மேடம் என்ன கூட்டினு போனாரு. இந்த ஒரு படம் சரியா வுழறதுக்கு நான் பட்ட பாடு எனுக்குத்தான் தெரியும். ஆசையா எடுத்துனு போயி, பாறை மேல நின்ன அவராண்ட காட்டினேன். பாத்துட்டு சிரிச்சாரு மேடம். 'நல்லாதான்டா கீது. ஆட்டோ மோடா?'ன்னாரு..."

"அதுக்காகவா?!"

"தள்ளணும்னு தள்ளல மேடம். கை முந்திக்கிச்சு. திரும்பிப் பாத்தா... அவரு இல்ல."

"செத்தவரைப் படத்துல வெச்சுக்கிட்டே பேஜ்ல போட்டியே, எப்படிடா மனசு வந்துச்சு?"

அருணகிரி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்ளோ நல்ல படத்த எப்படி மேடம் போடாம வுடறது?"

ஆல்வின் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான். இவன் பக்கத்தில்தானே இவ்வளவு நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம்! போதாக்குறைக்குப் பாவப்பட்டும் தொலைத்தோம்!

"அவன் கேமராவைக் கைப்பற்றுங்க. கார்டு பத்திரம்" என்றார் ஜெகதாம்பாள். பிறகு ஆல்வின் பக்கம் திரும்பினார். "நீ எழுந்து போ. முதல்ல அந்த ஸ்டிக்கரைக் கிழி."

"இதோ, இப்பவே மேடம்!"

ஏசுபாதம் விலங்கோடு வந்தார். அருணகிரியின் கையில் மாட்டினார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஜீப்பு பஞ்சரு. கோர்ட்டுக்கு இவன எதுல கூட்டினு போறது?"

ஜெகதாம்பாள் அருணகிரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆட்டோதான்! சார் கோச்சுக்காம இருந்தா சரி."