இரண்டாவது பெட்டி

கெலேராவின் புரோகிராமை ஓடவிட்டதும் திரையில் இரண்டு பெட்டிகள் திறந்தன. ஒன்று பெயர் கேட்கும் பெட்டி. இன்னொன்று அதன் பின்னால் பாதி ஒளிந்தபடி, எழுத்தோ பொத்தானோ இல்லாத வெறும் சாம்பல் நிறப் பெட்டி.

மாணவர்களின் புரோகிராம்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த மெரெயோனி சலித்துக்கொண்டாள். புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். பெட்டியை உருவாக்கும் வரியை இரண்டு முறை எழுதிவிடுவார்கள், காலிப் பெட்டி ஒன்று கூடவே வந்து நிற்கும். வகுப்பு முடிந்து கிளம்பும்போதே கெலேரா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"டீச்சர், என் விண்டோ ரெட்டைப் புள்ள பெத்திருக்கு. ரெண்டாவதுக்கு நீங்கதான் பேர் வைக்கணும்."

"மார்க் போடும்போது வைக்கிறேன், கிளம்பும்மா."

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் மூன்று நாளாக விடாத மழை. பயிற்சி நிலையத்தில் இவளைத் தவிர யாரும் இல்லை. தகரக் கூரையின் இரைச்சலுக்கு அடியில் இருபது கணினிகளின் முனகல், ஈரக் குடைகள் விட்டுப்போன பூஞ்சை வாடை, மேசையில் பாதி தின்று வைத்த ரொட்டி பார்சலின் மசாலா நெடி, எல்லாம் சேர்ந்து அவள் கண்களை இழுத்து மூடின. நான்கரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். புறநகரான நசினுவில், வீட்டில், எட்டு வயது மகள் லிதியா பள்ளிவிட்டு வந்து தனியாக இருக்கிறாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த அவளுடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திறக்கலாம் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு பெயர் வேண்டும். களைத்த விரல்கள் வழக்கம்போல அந்தச் செல்லப் பெயரையே அடித்தன: லோலோ. பொத்தானை அழுத்தினாள். முன்னால் இருந்த பெட்டி, "வணக்கம், லோலோ" என்று காட்டியது. காலிப் பெட்டியை மூடிவிட்டு, திருத்தலாம் என்று கெலேராவின் வரிகளைத் திறந்தாள்.

பெட்டியை உருவாக்கும் வரி ஒரு முறைதான் இருந்தது.

அடுத்த மாணவரின் புரோகிராமை ஓட்டினாள். மறுபடியும் இரண்டு பெட்டி. இப்போது சாம்பல் பெட்டியின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு பொத்தான். முதல் வாரத்தில் எல்லோரும் அளவு தெரியாமல் வைப்பார்களே, அப்படி. யாரோ மெரெயோனியின் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மூடினாள்.

மூன்றாவதை அவள் ஓட்டவில்லை. தானாகவே திறந்தது. ஒரே பெட்டி. சாம்பல். பொத்தான் இப்போது சரியாக நடுவில். அதற்கு மேலே ஒரு வரி.

லோலோ, கதவைத் திற.

மூடும் குறியை அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி. சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். பொத்தான் தானாக அமுங்கியது.

பெட்டி மறைந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குழந்தை எடுத்தது.

"லிதியா! கதவைத் திறக்காதே! யாரு கூப்பிட்டாலும் சரி..."

"அப்பவே திறந்துட்டேனே. லோலோன்னு கூப்பிட்டாங்கல்ல."

பிறகு போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரிடமோ லிதியா சொல்வது கேட்டது.

"அம்மா, போன்ல யாரோ உன்னை மாதிரியே பேசுறாங்க."