சிரிக்கும் தரை!

தரைக்குள் ஒரு குழந்தை சிரித்தது!

நவீன்குமார் காதில் வைத்திருந்த செல்போனை மெதுவாக இறக்கினான். குனிந்து பார்த்தான்.

கான்கிரீட்.

நேற்று காலையில் போட்ட கான்கிரீட். ஈரம் காயாத, வழவழப்பான, சாம்பல் நிறக் கார் ஷெட் தரை. அதற்குள்ளிருந்து...

'க்ளுக்... க்ளுக்... க்ளுக்...'

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். சைட் இன்ஜினீயர் அசோக்குமாரின் ரிங்டோன். தன் கைக்குழந்தை சிரித்ததைப் பதிவு செய்து வைத்துக்கொண்டவன் அவன்.

அசோக்குமாரை முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து காணோம்.

காணாமல் போகச் செய்ததே நவீன்குமார்தான். ஊர் பார்க்கக் கவலைப்படுகிற முதலாளியாக நடிப்பதற்காகத்தான் இப்போது அந்த நம்பரை அழுத்தினான். நடிப்புக்குக் காலடியிலேயே வரவேற்பு கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை!

"யோவ் கான்ட்ராக்டர்... இன்னாய்யா சத்தம் அது?"

பின்னால் ஆதிநாராயணன். செங்கத்தில் புளி மண்டி வைத்திருப்பவர். ஜவ்வாது மலை குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு, புதூர்நாட்டுச் சரிவில் வீடும் கார் ஷெட்டும் கட்டிக்கொண்டிருப்பவர். இன்று காலையில்தான் தரையைப் பார்க்க மலையேறி வந்திருந்தார்.

"எ... என் போனுதான் சார்."

"உன் போனு உன் கையில கீதே?"

"இது ரெண்டாவது போனு."

"எங்க?"

"பேன்ட் பாக்கெட்ல சார்."

ஆதிநாராயணன் அவன் பேன்ட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"உன் பாக்கெட்டு அம்மாம் கீழயா தச்சிருக்கான் டெய்லரு?"

நவீன்குமார் அவசரமாக லைனைத் துண்டித்தான். சிரிப்பு பட்டென்று நின்றது. நெற்றி வியர்வையைத் துடைத்தான். மெல்ல மூச்சு விட்டான்.

'க்ளுக்... க்ளுக்...'

மறுபடி!

இப்போது அவன் யாரையும் கூப்பிடவில்லை...

"சரி, அத வுடு," என்றார் ஆதிநாராயணன், அதை விடாத குரலில். "அந்தக் கம்பத்துல ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தியே... வைக்கோல் தெணிச்சி, மீசையெல்லாம் வரைஞ்சி... எங்க அது?"

"காத்துல போயிருக்கும் சார்."

"என்னைவிட ஒசரமான பொம்மைய்யா அது! காத்துல போச்சா? இல்ல, பஸ் புடிச்சி போச்சா?"

நவீன்குமாரின் கண்கள் தரையின் மூலையில் நிலைத்திருந்தன. சிரிப்பு வந்த அதே இடத்தில், முடி கனத்தில் ஒரு விரிசல்...

காலையில் அது அங்கே இல்லை!

* * *

கதை கலசப்பாக்கத்தில் ஆரம்பித்தது.

அங்கே ஒரு குடோனுக்கு நவீன்குமார் போட்ட தரை, போன மழையில் உள்வாங்கியது. தரையோடு சுவர் சாய்ந்தது. சுவரோடு ஒரு வாட்ச்மேன் போய்ச் சேர்ந்தார். குற்றவாளி மழை என்று முடிவானது. மழைக்குச் சம்மன் கொடுக்க முடியாது என்பதால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அசோக்குமார் ஒருவனைத் தவிர.

முந்தாநாள் மத்தியானம் இதே இடத்தில், கான்கிரீட் போடுவதற்கு முன்னால், அவன் பள்ளத்தில் இறங்கி நின்றான். பூட்ஸ் கணுக்கால் வரை மண்ணில் புதைந்தது.

"சார், இன்னா இது? சரிவுல மண்ணு கொட்டறோம். கொஞ்சம் கொஞ்சமா கொட்டி, தண்ணி வுட்டு, திமிசுக்கட்டையால அடிச்சி இறுக்கிக்கினே வரணும். நீங்க மொத்தமா கவுத்துட்டீங்க! இது மேல தரை போட்டா, முறுக்கு மேல யானை நிக்கிற மாதிரி."

"யானையா வரப்போவுது? கார்தான வரும்?"

"ஆறு அங்குலம் கனம், ரெண்டு அடுக்கு கம்பி வலைன்னு ஓனர்கிட்ட சொன்னோம். கம்பி எங்க சார்?"

"அதோ கீதே!"

ஓரத்தில் மட்டும் கம்பிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டி, உள்ளே பந்தி போடாத மாதிரி.

அசோக்குமார் பள்ளத்திலிருந்து மேலேறி வந்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"கலசப்பாக்கத்துலயும் இதேதான். அது மழை இல்ல சார். ஓனர் மலைக்கு வரட்டும்... இதையும் சொல்லிடறேன், அதையும் சொல்லிடறேன்."

அந்த நிமிடத்தில்தான் நவீன்குமார் தீர்மானித்தான்.

சாயங்காலம், சிமென்ட் மூட்டை ஏற்றிவரும் ஜீப் டிரைவர் வீரனைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். வீரன் மலைக்காரன். புதூர்நாட்டுக்கும் மேலே, உச்சியில் இருக்கிற சிற்றூர். அதிகம் பேசமாட்டான். அந்த ஒரே தகுதிக்காகத்தான் நவீன்குமார் அவனைத் தேர்ந்தெடுத்தான்.

"வீரா... நம்ம இன்ஜினீயர..."

"சொல்லுங்க."

"மேல அனுப்பிடு."

வீரன் ஒரு வினாடி யோசித்தான்.

"மேலயா?"

"மேல. திரும்பி வரக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

அவ்வளவுதான்! ஒரு மனிதனின் முடிவு இத்தனை சின்ன வாக்கியத்தில் அடங்கும் என்பது நவீன்குமாருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை. கலவை மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. வீரன் வந்து நின்றான்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேங்க."

"தகராறு பண்ணானா?"

"இல்லீங்க. கொஞ்சம் வாந்தி எடுத்தாரு. அப்புறம் கண்ண மூடினவருதான்... சத்தமே இல்ல."

நவீன்குமார் அக்கம்பக்கம் பார்த்தான்.

"யாரும் பாக்கலியே?"

"எங்க ஊரே பாத்துச்சிங்க. பாத்தா இன்னா? நம்ம ஆளுங்கதான்."

அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. எங்கே போட்டான், எப்படிப் போட்டான்... ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி நின்று கலவைக்குத் தண்ணீர் போதுமா என்று கொத்தனாரை அதட்டினான்.

கேட்டிருக்க வேண்டும்!

* * *

இப்போது தண்ணீர் டிரம்களோடு வீரனின் ஜீப் வந்து நின்றது. புதுத் தரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கு.

நவீன்குமார் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் இழுத்தான்.

"டேய்... எங்கடா அவன்?"

"மேலங்க."

"மேலன்னா? தரைக்குக் கீழ போனு அடிக்குதுடா!"

"போனு கீழதாங்க. ஆளு மேலங்க."

"தத்துவம் பேசாதடா! உசுரு மேல போச்சு, சரி... மீதி?"

வீரன் பொறுமையாக விளக்கினான்.

"மீதின்னு ஒண்ணும் இல்லீங்க. முழுசாதான் அனுப்பினேன்."

நவீன்குமார் தலையில் அடித்துக்கொண்டான். பள்ளத்தாக்கு, புதர், கிணறு... இத்தனை பெரிய மலையில் இடமா இல்லை? தன் தரைக்கு அடியிலேயே கொண்டுவந்து...

"யோவ் கான்ட்ராக்டர்! இங்க வாய்யா!"

ஆதிநாராயணன் தரையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ வந்த ஒரு நாய் அங்கே மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னங்காலால் ஒருதரம் கீறியது. நவீன்குமாரை நிமிர்ந்து பார்த்தது. ஊளையிட்டது.

முடி கனத்தில் இருந்த விரிசல் இப்போது விரல் கனத்தில் இருந்தது. நடுவில் பிரிந்து, ஐந்து கிளைகளாக... கை விரித்த மாதிரி!

"நேத்து போட்ட தரைய்யா. வாயப் பொளக்குது, சிரிக்குது. நாயி அழுவுது. எனக்கு ஒண்ணும் சரியாப் படலை," ஆதிநாராயணன் எழுந்தார். "நாளைக்கி செங்கத்துலேர்ந்து வேற மேஸ்திரிய கூட்டியாறேன். இந்த எடத்த உடைச்சி, உள்ள இன்னா கீதுன்னு பாத்துடுவோம்."

"சார்! எதுக்கு சார் உடைக்கிறது..."

"என் தரை. நான் உடைக்கிறேன். உனக்கு இன்னாய்யா வலிக்குது?"

வீரன் குறுக்கே வந்தான்.

"அய்யா, வூட்ல சாமைச் சோறு ஆக்கியிருக்குதுங்க. மேல வந்து சாப்ட்டு வந்துடுங்களேன்."

'மேல' என்ற வார்த்தையைக் கேட்டதும் நவீன்குமார் தூக்கிவாரிப் போட்டது போல் நிமிர்ந்தான். ஆதிநாராயணனோ ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது.

வேலையாட்கள் யாரும் இல்லை. தரை ஊறட்டும் என்று இவனே லீவு விட்டிருந்தான்.

உச்சியிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. புளியமரம் மறைந்தது. கலவை மிஷின் மறைந்தது. தரை மட்டும் மிச்சமிருந்தது. நாயும் போய்விட்டது.

நாளைக்கு மேஸ்திரி வந்து உடைத்தால் பிணம். இன்றைக்கே தான் உடைத்து எடுத்துவிட்டால், வெறும் விரிசல். மராமத்து பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நவீன்குமார் கடப்பாரையை எடுத்தான்.

ஓங்கினான்.

'ணங்' என்று கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். கேட்டது 'பொத்'. கடப்பாரை ஒரே குத்தில் தரையைத் துளைத்து உள்ளே போய்விட்டது! வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலைத் தரத்தை நினைத்து நவீன்குமார் சந்தோஷப்பட்டான்.

துண்டு துண்டாகப் பெயர்த்தான். கம்பி குறுக்கே வரவில்லை. எப்படி வரும்? அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. கையாலேயே வாரி வெளியே தள்ளினான்.

'க்ளுக்... க்ளுக்...'

விரல்களில் ஏதோ தட்டுப்பட்டது.

துணி.

நீலச் சட்டை. அசோக்குமார் முந்தாநாள் போட்டிருந்த அதே நீலச் சட்டை! அதன் கை... மண்ணுக்குள்ளிருந்து, இவனை நோக்கி நீண்டிருந்தது...

நவீன்குமார் பின்னால் சாய்ந்து விழுந்தான். பயம் தலைக்கு ஏறி, ஆத்திரமாக மாறி, வாய் வழியே வெடித்தது.

"செத்தும் சிரிக்கிறியாடா? வாட்ச்மேன் செத்தப்ப மழைன்னு சொன்னேன்... ஊரே நம்புச்சி! கம்பி போடாதது உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். வாய மூடிக்கினு இருந்தியா நீ? அதான்டா உன்ன மேல அனுப்பச் சொன்னேன்! போய்ச் சேர வேண்டியதுதான? எதுக்குடா போனு பண்ற?"

அந்தக் கையைப் பிடித்து வெறியோடு இழுத்தான்.

கை தனியே வந்தது!

வைக்கோல்!

முழங்கைக்கு மேலே வைக்கோல். அதற்கப்பால் மீசை வரைந்த, பல்லிளிக்கும் ஒரு மண்சட்டி முகம். காணாமல் போன திருஷ்டி பொம்மை. அதன் சட்டைப் பையில் பாலிதீன் கவரில் பத்திரமாகச் சுற்றிய ஒரு செல்போன். இன்னமும் சிரித்துக்கொண்டு...

"எடுத்துப் பேசுங்க சார். நான்தான்."

குரல் போனிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது!

பனிக்குள்ளிருந்து அசோக்குமார் நடந்து வந்தான். வீரனின் சட்டையைப் போட்டிருந்தான். காதில் வீரனின் போன். அவனுக்குப் பின்னால் ஆதிநாராயணன், சாமைச் சோற்றின் ஏப்பத்தோடு. அவருக்கும் பின்னால் காக்கி உடுப்பில் ஒரு பெண்மணி... கீழே ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் ராஜேஸ்வரி. அசோக்குமார் சொல்லி, காலையிலேயே வீரனின் ஜீப்பில் மலையேறி, உச்சியில் காத்திருந்தவர். கையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நீ... நீ சாவலியா?"

"மேல அனுப்பச் சொன்னீங்களாம். வீரன் ஜீப்ல ஏத்தி அவங்க ஊருக்கு அனுப்பிட்டாரு. அத்தினி வளைவுல நான் வாந்தி எடுத்து, போன உடனே தூங்கிட்டேன்," என்றான் அசோக்குமார். "முழிச்சதும் 'எதுக்குங்க கான்ட்ராக்டர் உங்கள மேல அனுப்பச் சொன்னாரு, அதும் திரும்பி வரக் கூடாதுன்னாரு'ன்னு கேட்டாரு பாருங்க... அப்பதான் எனக்கு அர்த்தம் வெளங்குச்சி."

ஜீப்பை வளைவிலேயே நிறுத்திவிட்டு வந்த வீரன் தலையைச் சொறிந்தான்.

"எங்க பக்கம் மேலன்னா மலை மேலதாங்க. வேற அர்த்தம் இருக்குன்னு இன்ஜினீயர் சொல்லித்தான் தெரியும். அப்புறந்தான் கான்கிரீட் போடறதுக்கு முன்ன, விடியறதுக்குள்ள வந்து பொம்மைய பொதச்சேன். கடப்பாரை கூட வேணாங்க, கையாலயே நோண்டிட்டேன்... அம்மாம் பொலபொலன்னு மண்ணு."

ஆதிநாராயணன் பெயர்ந்து கிடந்த ஒரு துண்டைப் பொறுக்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு அங்குலமாய்யா இது?"

"ஆறு அங்குலம் இருந்திருந்தா போனு சத்தம் வெளிய கேட்டிருக்குமா சார்?" என்றான் அசோக்குமார். "அவரு போட்டது தரை இல்ல, அப்பளம்! நாளைக்கி நீங்க உடைச்சாலும் இது தெரிஞ்சிருக்கும். ஆனா கலசப்பாக்கத்து விஷயத்த கான்கிரீட் சொல்லாது. அவரு வாயாலதான் வரணும்."

நவீன்குமாரின் மூளை மின்னல் வேகத்தில் ஓடியது. ஒரு வழி தெரிந்தது! எழுந்தான். வைக்கோலைத் தட்டிவிட்டான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"மேடம்... நானும் அதத்தான சொன்னேன்! மேலன்னா மலை மேல! பாவம், வேலை செஞ்சி களைச்சிட்டாரு, ரெண்டு நாளு மேல இருந்துட்டு வரட்டும்னு அனுப்பினேன். டேய் வீரா, நீயே சொல்லுடா... நான் வேற ஏதாவது சொன்னனா?"

"இல்லீங்க. மேல அனுப்புன்னுதான் சொன்னீங்க."

"பாத்தீங்களா மேடம்!"

ராஜேஸ்வரி குழியை எட்டிப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பிறகு நவீன்குமாரின் மண் அப்பிய கைகளைப் பார்த்தார்.

"மலை மேலதான அனுப்பினீங்க?"

"சத்தியமா மேடம்!"

"அப்ப தரைக்குள்ள யார தேடுனீங்க?"

நவீன்குமாரின் வாய் திறந்தது. மூடவில்லை. அவன் போட்ட தரையைப் போலவே, பிளந்தபடி நின்றது.

வீரன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, துண்டால் சீட்டைத் தட்டிவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

"ஏறுங்க சார். மொதல்ல கீழ... அப்புறம் உள்ள! வழியில வளைவு ஜாஸ்தி, வாந்தி வந்தா சொல்லுங்க... நிறுத்தறேன்."