திரும்ப எடுத்த தகடு

கரண்ட் போனதும் தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோயின. பகல் முழுக்கக் காதை அறைந்துகொண்டிருந்த தடதடப்பு அடங்கியதும், அதற்கடியில் ஒளிந்துகிடந்த இன்னொரு சத்தம் கோமதித்தாய்க்குக் கேட்டது. உள்ரூமிலிருந்து வந்தது. மெல்லிய தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளைத்து விட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு நெளிவு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"எலியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டாள். எலி இல்லையென்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் பயத்தைவிடக் கோபம்தான் அவளிடம் அதிகம் இருந்தது. இன்று சாயந்தரம் வீடு வாங்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறான் ஆவுடையப்பன். தாலி கட்டியவன்தான். வாசுதேவநல்லூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டு, இவளை அத்துவிடச் சொல்லித் தென்காசி கோர்ட்டில் வழக்கும் போட்டிருக்கிறான். தீர்ப்பு வருவதற்குள் வீட்டைத் தள்ளிவிட்டால் இவள் தெருவில் நிற்பாள், அவ்வளவுதான் அவன் எண்ணம். இந்த வீட்டுச் சுவருக்குப் போனது அவள் கழுத்துச் சங்கிலி. கூரைக்குப் போனது, தறியில் நின்று நின்று அவள் கால் வீங்கிச் சேர்த்த கூலி. பத்திரத்தில் மட்டும் அவன் பெயர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற பயல்.

அந்தக் கோபத்தில்தான் போன வெள்ளிக்கிழமை அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சங்கரன்கோவிலில் பிறந்த சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்: வீட்டுக்குள் பாம்போ தேளோ வந்தால் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, அதன் உருவம் அடித்த தகடு ஒன்றை வாங்கிப் போட வேண்டும். போட்டுவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும், வீட்டை அண்டாது. போட்டதை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். எடுத்தால், எவர் வீட்டிலிருந்தோ விரட்டியதைத் தன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

கோமதித்தாய் அழைக்கத்தான் போனாள். வீடு பார்க்க வருகிறவன் கண்ணில் ஒரு தேள் பட்டால் போதும். தேள் புழங்குகிற வீட்டை எந்தக் கிறுக்கன் வாங்குவான்? கோயிலில் கும்பிடுகிற சாக்கில் குனிந்து, போட்டுக் குவிந்திருந்த தகடுகளுக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஒன்றை உருவி மடியில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தேளுமில்லை, பாம்புமில்லை. ஆள் உருவம். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன, கால்கள் சேர்ந்திருந்தன, கண்ணுக்கு இரண்டு புள்ளி. நோயாளிக்காக யாராவது நேர்ந்து போட்டிருக்கலாம். வேறெதையோ விரட்டவும் போட்டிருக்கலாம். அப்போதே திரும்பக் கொண்டுபோயிருக்க வேண்டும். "ஆளா இருந்தா என்ன, வருதவனும் ஆளுதானே" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, உள்ரூம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, விளக்குமாறுகூட நுழையாத இடுக்கில் அதைப் போட்டாள்.

மறுநாளே நனைந்த புற்றுமண் வாசம் வீடு முழுக்க ஏறிவிட்டது. காற்றில்லாத நேரத்தில் சுவரில் தொங்கிய காலண்டர் மெல்லப் புடைத்து, பிறகு அடங்கியது. கம்பியை விட்டு இடுக்கைத் துழாவினாள். தகட்டைக் காணோம். அன்றிலிருந்து முன்ரூமில்தான் படுக்கிறாள், உள்ரூம் கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துவிட்டு. காலையில் பார்த்தால் துணி தள்ளிக் கிடக்கும். வாங்க வருகிறவன் வந்து தொலையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பனுக்குப் பின்னால் கடையநல்லூர் மைதீன் பாட்சா வந்தார். துபாயிலிருந்து திரும்பி, இங்கே ஜவுளிக்கடை வைக்க வீடு தேடுகிறவர்.

"லைட்டப் போடுட்டி."

"கரண்ட் இல்ல."

"அரிக்கன் விளக்கையாவது கொளுத்து."

"நீரு விக்குத வீட்டுக்கு நான் விளக்குப் பிடிக்கணுமோ?"

மைதீன் பாட்சா கூச்சத்தோடு டார்ச்சை எடுத்தார். "கோவப்படாதீயம்மா. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்."

உள்ரூமுக்குள் போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"அங்கன சொவரோட ஒட்டி நிக்கது யாரு அண்ணாச்சி?"

"உள்ள யாரும் இல்லையே பாய்."

"நிக்காவ. யாருன்னு கேட்டேன். திரும்புனாவ." அவர் வாசலைப் பார்த்து நகர்ந்தார். "திரும்புனா ஆளக் காணோம். எனக்கு இந்த வீடு வேண்டாம்."

டார்ச்சை ஆவுடையப்பன் கையில் திணித்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். கோமதித்தாய்க்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. ஆவுடையப்பன் முகம் கறுத்துப்போயிற்று.

"எவனட்டி உள்ள வச்சிருக்க? கோர்ட்ல சொல்லி நாறடிக்கேன் பாரு."

உள்ரூம் கதவை எட்டி உதைத்தான். போகாதீரும் என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு சொல்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வி காதுக்குள் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் உழைத்துப் போட்டவளைப் பார்த்து எவனை வைத்திருக்கிறாய் என்கிறான். சொல்லை விழுங்கிவிட்டாள்.

அவன் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

கதவிடுக்கில் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் போனது. பீரோ பக்கம் நின்றது. அணைந்தது.

தகடு நெளிந்தது. ஒரே ஒரு தடவை. நீளமாக.

பிறகு சத்தமே இல்லை. அவள் சுவரில் சாய்ந்தாள். சுவர் ஈரமாக இருந்தது.

கதவு திறந்தது. ஆவுடையப்பன் வந்தான்.

"யாரும் இல்ல," என்றான். குரல் சாந்தமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டறியாத சாந்தம். "வீட்ட விக்கல. கேஸையும் வாபஸ் வாங்கிருதேன்."

எதற்காக இத்தனையும் செய்தாளோ அது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

"அப்போ அவளுட்டப் போகலையா?"

"இனி எங்கயும் போகமாட்டேன்."

சிரித்தான். சிரிக்கும்போது கன்னம் நெளிந்தது. அந்தச் சத்தம் கேட்டது.

புற்றுமண் வாசம். அவன் கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. நகர்ந்து வந்தபோதும் பிரியவில்லை. கால்களும் பிரியவில்லை.

வாசலை மறித்து நின்று, தெருக்கதவின் பக்கம் திரும்பினான்.

பக்கவாட்டில் பார்த்தால் ஆள் இல்லை. நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போது உள்ரூமிலிருந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, விளக்குமாறுகூட நுழையாத இடுக்கிலிருந்து, நசுங்கிய குரல் ஒன்று வந்தது. "ஏட்டி கோமதி. மூச்சு முட்டுதுட்டி. இழுத்து விடு."

கரண்ட் வந்தது. தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒன்றாகத் தடதடத்தன. குரல் அதற்குள் அமுங்கிப்போயிற்று.

பல்ப் வெளிச்சத்தில் அந்தக் கோடு மெதுவாக அவள் பக்கம் திரும்பி, ஆளாக அகன்றது. கண்ணுக்கு இரண்டு புள்ளி.