துறையைத் திறந்தவன்

மாவு பிசைந்துகொண்டிருந்த சமையல்காரி நெஸ்ட் அந்தப் பாட்டின் அடியை முணுமுணுத்ததும், அடுப்பருகே ஈரக் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த கடெலின் விரல்கள் வாரிலேயே நின்றுவிட்டன.

"என்னடி பாட்டு அது?"

"பாட்டா? நான் வாயே திறக்கலையே, பிரபு! மழைச் சத்தமா இருக்கும்."

அந்த அடியைக் கட்டியவன் பாணன் மோர்கனாய். கடெல் எதிரிகளான சாக்சன்களுக்கு ஆற்றுத்துறையைத் திறந்துவிட்டதையும், தூக்கத்திலேயே கடெலின் அண்ணனான தலைவன் ரீனும் அவன் வீரர்களும் வெட்டுண்டதையும் பாட்டாக்கி நெஞ்சில் வைத்திருந்தான். அது சபையேறும் முன்பே கடெல் அவன் கழுத்தை நெரித்துச் சதுப்பில் அமிழ்த்தினான். பாட்டும் அவனோடு போயிற்று என்று நம்பித்தான் அண்ணனின் ஆசனத்தில் அமர்ந்தான். அண்ணன் மனைவி அங்காரத்தையும் மணந்தான்.

அன்று மாலை விருந்து. ஈரக் கம்பளியும் புகையும் தேன்மதுவும் கலந்து மணத்த கூடத்தில், கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு தாளத்தில் விழுவதையும், வாசலில் குதிரைக்காரன் அதே தாளத்தில் சீழ்க்கை அடிப்பதையும், இன்னும் பேச்சு வராத தன் குழந்தை தொட்டிலில் கிடந்தபடி இரண்டாம் அடியைத் தெளிவாகச் சொல்வதையும் கடெல் கேட்டான். மற்றவர்கள் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முகமெல்லாம் வேர்த்திருக்கே. உடம்புக்கு என்ன?" என்றாள் அங்காரத்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

தொண்டையில் சதுப்பு நீரின் குளிர். கருமண்ணின் நாற்றம். பிறகு குரல். அவனுடையதல்ல.

"துறையைத் திறந்த கை எது? தம்பியின் கை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் பாட்டு வழிந்தது. செத்தவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றாக. கடைசியில் ரீன். அதன் பின் கடெல்.

இறைச்சிக் கத்தியை எடுத்தான். நாக்கை இழுத்துப் பிடித்தான். அறுத்தான்.

ரத்தத்தோடு அது தரையில் பரப்பியிருந்த கோரையில் விழுந்தது. துடித்தது. முதல் அடியிலிருந்து பாடத் தொடங்கியது.

யாரும் எழவில்லை. அங்காரத் மட்டும் தன் ஆசனத்திலிருந்து இறங்கி வந்து, அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு அடியையும் மெல்லத் திருப்பிச் சொன்னாள்.

"இன்னொரு தடவை பாடு" என்றாள். "பிள்ளைக்குச் சொல்லித் தரணும்."