ஏழாம் நம்பர் விளக்குக் கம்பம்

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்க காலனியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காய்காரன் முதல் கேபிள்காரன் வரைக்கும் கிரிஜாம்மான்னா ஒரு அடி தள்ளித்தான் நிப்பான். திருச்சியிலேருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவ, தெலுங்கையும் உருதுவையும் சண்டை போட்டே கத்துக்கிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப அந்த வாய் எனக்குச் சொந்தமில்லை. அதனாலதான் எழுதறேன். மணி பத்தாகப் போகுது. என் பொண்ணு ஸ்மிதா கொண்டாப்பூர்லேருந்து கிளம்பிட்டா, பதினொண்ணுக்குள்ள வந்துடுவா. அவ எங்க வாசல் கேட்டைத் தொடக் கூடாது.

ஏன்னு சொல்றேன்.

திருமுல்கேரியில எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல காலனி பார்க். பேருதான் பார்க். சறுக்கு மரத்துல ஓட்டை, ஊஞ்சலுக்குச் சங்கிலி உண்டு பலகை இல்லை, நீரூற்றுன்னு கட்டின தொட்டியில கொசுதான் குடும்பம் நடத்துச்சு. காலையில பத்து மணிக்குப் பூட்டுவாங்க, சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பாங்க. என் வீட்டுக்காரர் ராஜாராமன் டிஃபென்ஸ் ஃபாக்டரியில இருந்து ரிட்டயர் ஆன கையோட காலனி சங்கத்துக்குச் செகரட்டரி ஆனார். வேலையெல்லாம் நான்தான் பார்ப்பேன், கையெழுத்து அவரு.

பார்க்குல ஏழு விளக்குக் கம்பம். ஏழாவது பின்னால சம்பங்கி மரத்தடியில. அடியில இருக்கிற பெட்டிக்கு மூடி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வெந்த சேமியா மாதிரி ஒயர் வெளியில தொங்கும்.

தோட்ட வேலைக்குச் சாயம்மான்னு ஒருத்தி. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். எங்க தெருவுல நாலு தமிழ் வீட்டுல வேலை பார்த்ததுல தமிழ் நல்லாவே பேசுவா. போன மே மாசம் ஒருநாள் கையை உதறிக்கிட்டு வந்தா.

"அம்மா, ஆ ஏழாம் கம்பம் ஷாக் கொடுதுந்தி, ஷாக் அடிக்குது. பிள்ளைங்க தொட்டா என்னம்மா ஆவும்?"

நான் அன்னைக்கே ஃபோன்ல காலனி புகார் ஆப்புல போட்டேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா அவ அதுக்குக் காத்திருக்கலை. கட்டியிருந்த மஞ்சள் புடவையில ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிழிச்சு, கம்பத்துல குழந்தைங்க கண்ணு உசரத்துக்குக் கட்டினா. மஞ்சத் துணி இருக்கிற இடத்தைத் தொடக் கூடாதுன்னு ஒவ்வொரு பிள்ளையையும் பிடிச்சு நிறுத்திச் சொன்னா.

ஒரு மாசம் ஆச்சு. பராமரிப்பு காண்டிராக்டர் முரளி எட்டிப் பார்க்கலை. ஜூலையில சிறந்த காலனி பார்க் போட்டி வந்துது. ஜட்ஜுங்க வர்றதுக்கு முந்தின நாள் காலையில முரளி பைக்ல வந்து இறங்கினான். ஆப்புல புகார் ஒண்ணு முடியாம சிவப்புலயே நிக்குது, மார்க் போயிடும்னு அவனுக்கே கவலை.

"மேடம், மழை நேரம், ஆள் கிடைக்கலை. சரி பண்ணின மாதிரி ஒரு போட்டோ போட்டா க்ளோஸ் ஆயிடும். மூணாம் நம்பர் கம்பம் புது பெயின்ட்ல ஜம்முனு இருக்கு. பார்க்க எல்லாம் ஒண்ணுதானே?"

"முடிச்சு விடு கிரிஜா, நாளைக்கு வந்து நிப்பாங்க"ன்னார் இவரும்.

மூணாம் நம்பரைப் படம் எடுத்து ஏழாம் நம்பர் புகார்ல போட்டேன். பச்சை டிக் விழுந்துது. அப்புறம் ஒரு காரியம் பண்ணினேன், அதை யாரும் சொல்லித் தரலை, என் மூளைதான். ரப்பர் கையுறை மாட்டிக்கிட்டுப் போய் அந்த மஞ்சள் துணியை அவிழ்த்தேன். ஜட்ஜு கண்ணுக்கு அசிங்கமா இருக்குமே.

சாயம்மா ஓடி வந்தா. "அம்மா, துணி?"

"சரி பண்ணியாச்சு. பயப்படாதே, வேலையைப் பாரு."

அவ கம்பத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நீங்க சொன்னா சரிதாம்மா"ன்னு சொல்லிட்டுப் போனா.

ராத்திரி நல்ல மழை. மறுநாள் பத்து மணிக்கு வாட்ச்மேன் யாதய்யா வழக்கம்போல வெளியில பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டான். சாயம்மா உள்ளேயே இருந்து வேலை பார்க்கிறது தினமும் நடக்கிறதுதான். பத்தரைக்கு ஒரே ஒரு சத்தம். ஓடிப் போனேன். பார்க் வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளியில நின்னேன், வேற என்ன பண்ண முடியும்? கையில தண்ணிக் குழாயோட அவ ஏழாம் கம்பத்தைக் கட்டிப் பிடிச்ச மாதிரி நின்னா. கண்ணு திறந்திருந்துது. யாதய்யா சாவியோட வர இருபது நிமிஷம் ஆச்சு. இருபது நிமிஷமும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

போலீஸ் வர்றதுக்குள்ள முரளி அந்தக் கம்பத்துக்குப் போற லைனை வெட்டி ஒயரையே உருவிட்டான். அன்னைக்கு வெயிலும் சுள்ளுன்னு அடிச்சுது, வசதியாப் போச்சு. சாயம்மா வெயில் தாங்காம விழுந்து செத்துட்டதா சங்கம் எழுதிக் குடுத்துது. எழுதினது என் கை. கையெழுத்து அவரு.

அவ பொண்ணு பத்மா எங்க கேட்டுக்கு வெளியில வந்து நின்னா. அழலை.

"நிஜம் சொல்லுங்கம்மா. கம்பமா?"

"இல்லம்மா. வெயில்."

அந்தப் பொண்ணு என் கண்ணைப் பார்க்கலை. என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. ஜட்ஜுங்க ஒரு வாரம் தள்ளி வந்தாங்க. எங்க பார்க்குக்கு ரெண்டாம் பரிசு கிடைச்சுது. ஷீல்டு எங்க ஹால்ல இருக்கு, தூ.

பதினஞ்சு நாள் கழிச்சு பார்க் அழகாக ஆரம்பிச்சுது.

நிஜமாத்தான். களை இல்லை, ஒரு சருகு இல்லை. பாத்தியெல்லாம் ஈரம். புது ஆள் போட்டுட்டீங்களான்னு வாக்கிங் வர்றவங்க கேட்டாங்க, இவரும் பெருமையாத் தலையை ஆட்டினார். நாங்க யாரையும் போடலை.

பட்டப்பகல், பூட்டின பார்க்குக்குள்ள துடைப்பம் போற சத்தம் கேக்கும். சர்ரு... சர்ரு... அப்புறம் குழாய்த் தண்ணி மண்ணுல விழற சத்தம். ஈர மண் வாசனையோட கருகின முடி வாசனையும் எங்க சமையலறை வரைக்கும் வரும். யாதய்யாவைப் போய்ப் பாருடான்னேன்.

"நக்கோம்மா, வேணாம்மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். "உள்ள அவ தண்ணி விடுறா. நான் பார்த்தேன்."

ஒருநாள் உச்சி வேளையில மாடியில துணி உலர்த்திக்கிட்டே திரும்பினேன்.

ஏழாம் நம்பர் விளக்கு எரிஞ்சுது.

ஒயரே இல்லாத விளக்கு. நல்ல வெயில்ல, வெள்ளையா.

அதே வாரம் முரளி வந்தான். பைக்கை பார்க் வாசல்ல விட்டுட்டு எங்க வீட்டுல காபி குடிச்சிட்டுப் போறப்போ பைக் ஹேண்டில்ல ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்துது. எவன்டா அவன்னு திட்டிக்கிட்டே பிச்சுப் போட்டான். கம்பத்துலேருந்து அவிழ்த்த துணியை நான் அன்னைக்கே குப்பைத் தொட்டியில போட்டு, வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போனதை இந்தக் கண்ணால பார்த்தவ. சாயங்காலம் ஃபோன் வந்துது. முரளி வீட்டுல தண்ணி மோட்டார் ஸ்விட்சுல கை வெச்சவன் அப்படியே போயிட்டானாம்.

ரெண்டு நாள் கழிச்சு இவரோட வாக்கிங் ஸ்டிக்ல துணி.

அவிழ்த்து அடுப்புல காட்டினேன். வீடு முழுக்க முடி கருகற நாத்தம். மறுநாள் காலையில மறுபடியும் அதே ஸ்டிக்ல, சொட்டச் சொட்ட ஈரமா.

"என்னங்க, ஊருக்குப் போயிடலாம். இல்லேன்னா அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்"னு காலைப் பிடிக்காத குறையா அழுதேன்.

"எவனோ விளையாடறான், நீயும் ஆடறே"ன்னு எகிறினார். "அந்தக் கம்பத்துல லைனே கிடையாது. முரளி வெட்டினதைப் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். இன்னைக்கு அதைத் தொட்டுட்டு வந்து உன் பைத்தியத்தைத் தீர்க்கறேன்."

நான் செருப்பைத் தேடறதுக்குள்ள போயிட்டார். பத்து மணி. அவர் உள்ள போனதைக் கவனிக்காம யாதய்யா பூட்டிட்டு டீக்குப் போயிட்டான். பழக்கம்.

அதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அதே இடத்துல நின்னேன்.

சம்பங்கி மரத்தடியில அவர் நின்னார். தலைக்கு மேல விளக்கு எரிஞ்சுது. அவர் அதைப் பார்க்கலை. கையை நீட்டினார். உடனே தயங்கினார், சத்தியமாத் தயங்கினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

அடிவயித்துலேருந்து கத்தினேன். தொடாதீங்கன்னுதான் கத்தினேன்.

வாயிலேருந்து வந்தது அது இல்லை.

"சரி பண்ணியாச்சு. பயப்படாதீங்க."

அவர் சிரிச்சார். கையை வெச்சார்.

ஹார்ட் அட்டாக்னு டாக்டர் எழுதினார். இந்தத் தடவை யாரும் சொல்லிக் குடுக்கலை. கரண்ட் வர வழியே இல்லைன்னு லைன்மேன் தோண்டிப் பார்த்துச் சொன்னான். கம்பத்தையே பிடுங்கிக் குழியைச் சிமென்ட்ல மூடிட்டாங்க. அவரோட உள்ளங்கையில மட்டும் முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருந்துது.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டது போதாதுன்னு அவரையும் குடுத்துட்டேன்.

காரியம் முடிஞ்ச மறுநாள் பத்மா வீட்டுக்குப் போனேன். காலில விழுந்து எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் போனேன். கதவைத் திறந்து என் வாயையே பார்த்தா. நான் திறந்தேன்.

"சரி பண்ணியாச்சு."

அவ கதவைச் சாத்திட்டா.

போலீஸ்கிட்டயும் அதேதான். ஸ்மிதாகிட்டயும் அதேதான், துக்கத்துல அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அவ அழறா. ஃபோன்ல எதை டைப் பண்ணினாலும் பச்சை டிக்தான் போகுது. இங்கிலீஷ்ல எழுதினா, தெலுங்குல எழுதினா, பேனா அந்த ரெண்டு வார்த்தைக்கே திரும்புது. தமிழ் எழுத்து மட்டும்தான் ஓடுது. தெலுங்கும் கொஞ்சம் இங்கிலீஷும் படிக்கத் தெரிஞ்ச சாயம்மா தமிழ் பேசுவா, தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அதனால தப்பிச்சோம்னு சந்தோஷப்பட்டேன்.

ஸ்மிதாவுக்கும் தெரியாது. இங்கயே படிச்ச பொண்ணு, ஸ்கூல்ல தெலுங்கும் ஹிந்தியும்தான். நான் தமிழ்ல பேசினாப் புரியும், அவ தெலுங்குல பதில் சொல்லுவா. ஆனாவை ஆவன்னாவை அவளுக்குச் சொல்லித் தர எனக்கு நேரமில்லாம போச்சு. ஊர்ச் சண்டைக்கெல்லாம் நேரம் இருந்துது.

நேத்து ஃபோன் பண்ணினா, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போறேன் மம்மின்னு. வராதேடி கண்ணுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். "வா, எல்லாம் சரி பண்ணியாச்சு"ன்னு வந்துது.

இன்னைக்குக் காலையில எங்க கேட் தாழ்ப்பாள்ல மஞ்சள் துணி.

மூணு தடவை அவிழ்த்தேன். கேட்டைத் தொட்டேன், கட்டிப் பிடிச்சேன், என்னை எடுத்துக்கோடின்னு மனசுக்குள்ள கதறினேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அது எனக்குக் கட்டினது இல்லை. கேட்டை விரியத் திறந்து போட்டுட்டுப் பேனாவும் பேப்பரும் எடுக்க உள்ள வந்தேன். திரும்பறதுக்குள்ள கேட் சாத்தியிருந்துது, வராண்டா கிரில் வெளியிலேருந்து பூட்டியிருந்துது. துருப்பிடிச்ச பெரிய பூட்டு. எனக்குத் தெரியாதா அதை? பார்க் பூட்டு.

கிரிலுக்குப் பின்னால உக்காந்துதான் இதை எழுதறேன். யாராவது தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க கையில இது கிடைச்சா பத்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. வெயில் இல்லை, கம்பம்தான். அதை மறைச்சது நான்தான்.

தெருமுனையில கார் திரும்புது.

ஸ்மிதா இறங்கிட்டா. "மம்மி, ஏமைந்தி?"ங்கறா, என்ன ஆச்சு, எதுக்கு உள்ள பூட்டிக்கிட்டிருக்கேன்னு தெலுங்குல கேக்கறா. இந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டுத் தலையை ஆட்டறா. போ போன்னு கையை ஆட்டறேன், பாவம், கூப்பிடறேன்னு நினைச்சுக்கிட்டா. தாழ்ப்பாள்கிட்ட வந்துட்டா. துணியைப் பார்த்துட்டு நிக்கறா.

நான் பேசப் போறதில்லை. இடது கையால வாயை இறுகப் பொத்தியிருக்கேன். பல்லுல ரத்தம் வருது, ஒரு எழுத்து வெளியில விட மாட்டேன்.

எதிர்ல, பூட்டின பார்க்குக்குள்ளேருந்து, துடைப்பச் சத்தம் நின்னுடுச்சு.

அங்கேயிருந்து என் குரல் கேக்குது.

"பயப்படாதே கண்ணு. சரி பண்ணியாச்சு."