அரைப் பானைப் பால்

புகை நேராக ரூபினியின் கண்ணுக்குள்தான் வந்தது.

“ஹலோ! இது அடுப்பா, ரயில் இன்ஜினா?”

பக்கத்து அடுப்பிலிருந்து நிமிர்ந்தான் அவன். கன்னமெல்லாம் கரி. தெரு முழுக்கப் பெண்கள் பொங்கல் வைக்க, ஒரே ஒரு ஆண்பிள்ளை! அந்தக் கண்கள்தான்... அம்மாடி, என்ன கருப்பு! ‘வந்த வேலையைப் பாருடி’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“சாரிங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அம்மாவோட வேண்டுதல். கால் உடைஞ்சு படுத்திருக்காங்க. அதான் நானே வந்துட்டேன்.”

ஆடி வெள்ளி. பெங்களூரு பிரேசர் டவுனை ஒட்டிய சந்தில், மாரியம்மன் கோயில் வாசல் தொடங்கித் தெருமுனை வரை சின்னச் சின்னத் தகர அடுப்புகள். கரகம் சுற்றி வருவதற்குள் பானை பொங்கி வழிய வேண்டும். வழியாத வீட்டுக்கு மறுவருஷம் அந்த இடம் கிடையாது. முதல் இடம் ரூபினி வீட்டுடையது. அப்பா போனதிலிருந்து, ‘ஆம்பளை இல்லாத வீட்டுக்கு முதல் இடம் ஒரு கேடா?’ என்று சித்தி வாய்விட்டே கேட்டாயிற்று. இன்று பொங்காவிட்டால் இடம் போச்சு, மானமும் போச்சு. கோயில் படியில் அம்மா சரளா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“விறகை மூடி வைங்க, மழை வரும்போல இருக்கு,” என்றான் அவன். அவன் கொண்டுவந்தது கொட்டாங்குச்சி. பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. அடுப்புக்கு மேலே பெரிய குடை வேறு.

“நான் பொறந்ததிலிருந்து இதே தெருவுல பொங்கல் வைக்கிறோம். எனக்கே சொல்றீங்களா?”

“தப்புதான் தாயே!” என்று கும்பிட்டவன், பெருமையாகத் தன் பானையைக் காட்டினான். “அரைப் பானைதான் பாலும் தண்ணியும் ஊத்தியிருக்கேன். ஒரு சொட்டு கீழ சிந்தாது, பாருங்க!”

ரூபினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐயோ மக்கு... வழியணும்னுதானே வைக்கிறதே! சொல்லலாமா? ம்ஹும். எனக்கே பாடம் எடுத்தவர்தானே... படட்டும்.

சடசடவென்று கொட்டியது மழை. அவள் துப்பட்டாவை விரித்து மறைப்பதற்குள் விறகு ஊறிவிட்டது, அடுப்பு அணைந்துவிட்டது. ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

அப்போது ஓர் இடுக்கி அவள் முன்னே நீண்டது. அதன் நுனியில் எரிகிற கொட்டாங்குச்சி.

“ஏய் தம்பி!” பின்னாலிருந்து ஓர் அம்மாள் அலறினாள். “உன் பானை பொங்கறதுக்கு முன்னாடி நெருப்பு குடுக்காதப்பா! வேண்டுதல் பலிக்காது!”

அவன் தன் பானையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனால் இடுக்கியை இழுத்துக்கொள்ளவில்லை. “பரவாயில்ல, எடுத்துக்கோங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

ரூபினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். படுத்திருக்கும் தாயின் வேண்டுதலையா... யாரென்றே தெரியாத எனக்காகவா?

“வேண்டாம்! உங்க அம்மா எழுந்து நடக்கணும். நான் யார்கிட்டயும் நெருப்பு வாங்க மாட்டேன்.”

கரகத்தோடு வரும் பம்பைச் சத்தம் நெருங்கியது. எதிரே ஒரு குடைக்குள்ளிருந்து சித்தி சிரிப்பது தெரிந்தது. அவன் பானையோ அடியிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க... இது ஏன் மேல வர மாட்டேங்குது?” அவன் குரல் உடைந்தது.

“அரைப் பானை எப்படிங்க வழியும்? அப்பவே பார்த்தேன்... திமிரு, சொல்லல.” சட்டென்று தன் பானையைத் தூக்கினாள். “நெருப்பு வாங்க மாட்டேன்னுதான் சொன்னேன். பால் தர மாட்டேன்னு சொல்லலையே!”

தன் பாலை அவன் பானையின் கழுத்து வரை ஊற்றினாள். அவன் கொட்டாங்குச்சிகளை அள்ளிப் போட்டான். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து ஊதினார்கள். கரகம் முனை திரும்பிய அதே நேரம்... நுரை பூத்து, விளிம்பு தாண்டி, நாலாபக்கமும் வழிந்தது!

“பொங்கலோ பொங்கல்!” தெருவே கூவியது.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பெரியவர் கோவிந்தப்பா குடையோடு வந்து நின்றார். “ஏம்மா, ஒரு அடுப்புல ஒரு வீட்டுப் பொங்கல்தான் வைக்கணும். அதுதானே நம்ம வழக்கம்? இது எந்த வீட்டுது?”

“அவங்க வீட்டுதுங்க,” என்றான் அவன் முந்திக்கொண்டு. “முதல் இடத்துல அவங்கதான் நிக்கணும். அவங்களுக்குத்தான் அது அழகு. நான் கிளம்பறேன்...”

“நில்லுங்க!”

அவன் நின்றான். மழைநீர் வழியும் அந்தக் கருப்புக் கண்கள் அவளையே பார்த்தன. ரூபினிக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் தலை குனியவில்லை.

“இது எங்க வீட்டுப் பொங்கல்தான் மாமா. முதல் இடமும் எங்களுதுதான்.”

“அப்ப இந்தத் தம்பி?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “உங்க பேரு என்ன?”

“மு... முனிராஜ்.”

சித்திக்கு, அம்மாவுக்கு, தெருமுனை வரைக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள் ரூபினி.

“முனிராஜும் எங்க வீடுதான்.”