வாசலில் ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்பு

"விடு கையை!"

"மாட்டேங்க... கும்பிட்டுக் கேக்கறேன், இந்த ஒரு வரிசையையாவது விட்டுடுங்க!"

அவன் ஒரு கையில் செண்டுப்பூச் செடியின் கழுத்தைப் பிடித்திருந்தான். இன்னொரு கையில் மண்வெட்டி. அவள் ஈர மண்ணில் மண்டியிட்டு அந்த மண்வெட்டிக் காம்பை இறுகப் பற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. பால் வாங்கப் போனவர்கள் கேட் அருகே வந்ததும் நடையைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைப் பேசிப் பேசியே அமைதிப்படுத்தி வெளியே எடுப்பவன். அந்தப் பொறுமையில் ஒரு துளியைக்கூட இன்று மனைவிக்கு மிச்சம் வைக்கவில்லை.

சரக்!

செடி வேரோடு வந்தது. ஆரஞ்சு இதழ்கள் அவள் தலையில் உதிர்ந்தன.

"எங்கப்பா தன் கையால போட்ட புல்லுடி இது! அவர் போனப்புறம் அக்கா குழந்தை மாதிரி பார்த்துக்கிட்ட புல்லு! வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பார்த்து வெட்டிப் போட்டிருக்கியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மாடி ஜன்னல் திறந்தது. அவன் தம்பி மனைவி, சின்னவள், தலையை நீட்டினாள். "எனக்கும் அதான் மாமா புரியல! நேத்து வந்து பார்த்தா, வாசல்ல ஆரஞ்சு, ஓரத்துல சிவப்பு... சர்க்கஸ் கூடாரம்னு நினைச்சு டிக்கெட் எங்க வாங்கறதுன்னு தேடினேன்!"

கீழே மண்ணில் இருந்தவள் நிமிரவில்லை. பிடுங்கிப் போட்ட செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேரில் மண் உதிராமல் கூடையில் அடுக்கினாள். அவள் பார்வை மட்டும் அடிக்கடி தெருமுனைக்கு ஓடி ஓடித் திரும்பியது.

நாத்தனார், அவன் அக்கா, ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள்... கடவுளே!

"அண்ணி வர்ற வரைக்கும் இருக்கட்டுங்க! அவங்க வந்ததும் நானே பிடுங்கிப் போடறேன்!"

"அக்கா வர்றதுக்குள்ள பழையபடி இருக்கணும். ராத்திரி பூரா அழுதுச்சு தெரியுமா? தாயில்லாத எங்களை வளர்க்கிறதுக்காகக் கல்யாணமே வேண்டாம்னு நின்ன பொம்பளை. அதைப் போய் அழ வெச்சுட்டியே!"

நேற்று ராத்திரி. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து, நாலு மாடி நம்பர்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் நாத்தனார். ஊரே அவரை 'டெலிபோன் அக்கா' என்றுதான் கூப்பிடும். அவர்தான் வாசலில் நின்று அலறினார். "யார் செஞ்சது இது? எங்கப்பா போட்ட புல்லை வெட்டினவ விளங்குவாளா?"

அவள் அந்தக் கண்களுக்குள் ஒரு கணம் எதையோ தேடினாள். தேடியது கிடைக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வசவும் நின்றுவிடும். ஆனால் அது கையில் அடித்துக் கொடுத்த சத்தியம்...

"கடைசியாக் கேக்கறேன்." கணவன் குரலைத் தாழ்த்தினான். "ஏன் செஞ்சே? ஒரே ஒரு காரணம் சொல்லு."

அவள் கூடையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டே... சரி. பையை எடுத்துக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. இந்த வீட்ல உனக்கு இனி வேலையில்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள். இரண்டு புடவைகளை ஒரு பையில் திணித்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் வெட்டி மூலையில் அடுக்கியிருந்த புல் பத்தைகளை அவன் மறுபடி பதித்து மிதித்துவிட்டான். ஒரே பச்சை. வலது பக்கத்து வீடு மாதிரி, இடது பக்கத்து வீடு மாதிரி, அந்தக் குடியிருப்பின் எல்லாத் தெருக்களிலும் ஒரே அச்சில் வார்த்த சோப்புக்கட்டிகளாக நிற்கும் எல்லா வீடுகளையும் மாதிரி. அதே சாம்பல் கதவு. அதே இரும்பு கேட்.

அவள் மறுபடி தெருமுனையைப் பார்த்தாள்.

"என்னங்க... அண்ணி இன்னும் வரலையே?"

"உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம எங்கயாவது உக்காந்திருக்கும்!"

சொன்னானே தவிர, அவனும் தெருவை எட்டிப் பார்த்தான். சின்னவள் கடைக்குப் போன் போட்டாள். அவள் முகம் மாறியது. "அவங்க ரொட்டி வாங்கிட்டுப் போய் ரொம்ப நேரமாச்சாம் மாமா..."

மனைவியின் கையிலிருந்து பை நழுவியது. கூடையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். செருப்பு கூடப் போடவில்லை.

"ஏய்! எங்க ஓடறே?" அவனும் பின்னால் ஓடினான்.

பக்கத்துத் தெரு. நடுவில் ஒரு வீடு. பச்சைப் புல்தரை, சாம்பல் கதவு. வாசலில் சின்னக் கூட்டம். துண்டைக் கட்டிக்கொண்டு, வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஒருவர் கையை விரித்துக்கொண்டிருந்தார். "அட, இது என் வீடும்மா! நான் பொறந்ததே இங்கதாம்மா!"

ரொட்டிப் பொட்டலம் மண்ணில் கிடந்தது. நாத்தனார் கதவுப் பூட்டில் சாவியைத் திணித்துத் திணித்துத் திருகிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் ரத்தம்.

"அக்கா!"

திரும்பினார். தம்பியைப் பார்த்ததும் தொலைந்த குழந்தை போல முகம் கோணியது.

"டேய் தம்பி... யாரோ நம்ம வீட்டுப் பூட்டை மாத்திட்டாங்கடா! சாவி போக மாட்டேங்குது. இந்த ஆள் வேற உள்ள இருக்கான்!"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்தவன், இப்போது மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கூடையிலிருந்த செடிகளை இரு கைகளாலும் அள்ளி மார்போடு அணைத்து உயர்த்திப் பிடித்தாள். மண் புடவையெல்லாம் கொட்டியது. ஆரஞ்சு செண்டுப்பூ. ஓரத்தில் சிவப்புக் கோழிக்கொண்டை.

"அண்ணி... இங்க பாருங்க அண்ணி!"

நாத்தனாரின் கண்கள் அலைந்தன. அந்த நிறத்தில் வந்து நின்றன. மெல்ல, மெல்ல உள்ளே விளக்கு எரிந்தது போல முகம் தெளிந்தது.

"இதோ... ஆரஞ்சு... பக்கத்துல சிவப்பு..." தள்ளாடி நடந்து வந்து அவள் தோளைப் பற்றிக்கொண்டார். "வீடு வந்துடுச்சு... என் வீடு வந்துடுச்சும்மா..."

இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். நசுங்கிய பூக்கள் நடுவில். நாத்தனார் சட்டென்று விலகி, வேர்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை ஏன் பிடுங்கினே? நேத்து... நான் உன்னை ஏதாவது திட்டினேனா?"

"இல்ல அண்ணி. ஒண்ணுமே சொல்லல."

கணவன் முன்னால் வந்தான். "நான்தான் பிடுங்கினேன்க்கா. அப்பா போட்ட புல்லை இவ..."

"நீயா?" நாத்தனார் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல், ஒரு நிமிஷம் திரும்பி வந்தது. "அடப்பாவி! அப்புறம் நான் எப்படிடா வீட்டுக்கு வருவேன்? எத்தனை நம்பர் இருந்துச்சு இந்த மண்டையில... இப்ப நம்ம கதவு நம்பர்கூட நிக்க மாட்டேங்குதுடா. நிறம்தான் நிக்குது. தம்பி கண்ணுக்கு நான் கடைசி வரைக்கும் டெலிபோன் அக்காவாவே இருக்கணும்னு, இவ காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, கையில அடிச்சு சத்தியம் வாங்கி... அந்தப் புல்லை வெட்டிட்டுப் பூ வைக்கச் சொன்னதே நான்தாண்டா!"